பழைய பிக்கப்: கதவு மூடியும் கேபின் லைட் அணையவில்லை, பேட்டரி இறங்குகிறது

ஆத்தங்குடி லோடு:
எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 2008 மாடல் டீசல் பிக்கப், சிங்கிள் கேபின். ஆத்தங்குடியில் தரைக்கல் ஏற்றி காரைக்குடி, தேவகோட்டை, சில நாள் மதுரை வரைக்கும் போவேன். மூன்று வாரமாக ஒரு தொல்லை. இரண்டு கதவையும் நன்றாக மூடிய பிறகும் டேஷ்போர்டில் கதவு படம் போட்ட சிவப்பு விளக்கு எரிகிறது, மேலே கேபின் லைட்டும் அணைய மாட்டேன் என்கிறது. ஓடும்போது சில நேரம் தானாக அணையும், பள்ளத்தில் இறங்கினால் திரும்ப வரும்.

போன சனிக்கிழமை சாயங்காலம் 6 மணிக்குக் கொட்டகையில் விட்டுத் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டேன், அதனால் உள்ளே விளக்கு எரிந்தது தெரியவில்லை. திங்கள் காலை 4 மணிக்கு வந்து சாவி போட்டால் செல்ஃப் எடுக்கவில்லை, டிக் டிக் என்று சத்தம் மட்டும்தான். 900 கிலோ கல் ஏற்றி வைத்திருந்த வண்டியைத் தள்ளவும் முடியாது. பக்கத்து டிராக்டரில் இருந்து கேபிள் போட்டு எடுத்தேன். தேவகோட்டையில் தரை போடும் ஆட்கள் காத்திருந்தார்கள், அன்றைக்கு அவர்களுக்கு அரை நாள் கூலி என் கையில் இருந்து போனது.

ஒரு பட்டறையில் டிரைவர் பக்கத்துக் கதவு சுவிட்சை மாற்றச் சொன்னார்கள், மாற்றினேன், அப்படியேதான் இருக்கிறது. இன்னொரு இடத்தில் பல்பைக் கழற்றிவிடு என்கிறார்கள். எனக்கு அது மனதுக்கு ஒப்பவில்லை. யாராவது வழி சொல்லுங்கள்.

புதுவயல் மில் வண்டி:
தம்பி, நானும் இதே கூத்தை அனுபவித்தவன். பல்பைக் கழற்றி இரண்டு வருடம் ஆகிறது, ஒரு குறையும் இல்லை. டேஷ் விளக்கின் மேல் கறுப்பு டேப் ஒட்டிவிட்டேன். அரிசி மூட்டை ஏற்றுகிற வண்டிக்குக் கேபின் லைட் எதற்கு, கையில் போன் இருக்கிறதே.

தேவகோட்டை ஒயரிங்:
பல்பைக் கழற்ற வேண்டாம். அவசரத்துக்கு வேண்டுமானால் கேபின் லைட்டின் மேலேயே ஒரு சின்ன நகர்த்தி இருக்கும், மூன்று நிலை. ஒரு பக்கம் எப்போதும் எரியும், ஒரு பக்கம் அணைந்தே இருக்கும், நடுவில் வைத்தால் கதவைப் பொறுத்து எரியும். இன்று ராத்திரி அணைக்கும் பக்கம் தள்ளிவிடுங்கள். பேட்டரி தப்பிக்கும், நாம் நிதானமாகத் தேடலாம்.

இந்தப் பழைய வண்டிகளில் கேபின் லைட்டுக்குப் பிளஸ் எப்போதும் வந்துகொண்டே இருக்கும், சாவியை எடுத்தாலும் வரும். கதவு வந்து மூடும் தூணில் இருக்கும் சுவிட்ச் செய்வது எர்த்தை, அதாவது வண்டியின் இரும்புப் பாடி வழியாக வரும் பேட்டரி மைனஸை, சேர்ப்பதும் விலக்குவதும் மட்டும்தான். கதவு திறந்தால் சுவிட்சின் தண்டு வெளியே துருத்தும், உள்ளே தகடு சேர்ந்து பாடி எர்த் கிடைக்கும், விளக்கு எரியும். கதவு மூடினால் தண்டு அழுந்தும், எர்த் விலகும், விளக்கு அணையும். சுவிட்சுக்கு வருவது ஒரே ஒரு ஒயர்தான், அதைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூ வழியாகத்தான் எர்த்.

ஆகவே விளக்கு அணையவில்லை என்றால் சுவிட்ச் உள்ளே சிக்கியிருக்கலாம், அல்லது சுவிட்ச் நன்றாக இருந்தும் கதவு அதைப் போதிய அளவு அழுத்தாமல் இருக்கலாம், அல்லது வருகிற ஒயர் எங்கேயோ உரசித் தோல் போய் பாடியைத் தொட்டுக்கொண்டிருக்கலாம். ஒயர் பாடியைத் தொட்டால் வண்டிக்கு அது கதவு திறந்த மாதிரிதான். ஃபியூஸ் போகாது, அதனால்தான் இதைப் பிடிப்பது கஷ்டம்.

சொல்லுங்கள்: கதவைத் திறந்து வைத்துக்கொண்டு தண்டைக் கட்டைவிரலால் முழுக்க அழுத்தினால் விளக்கு அணைகிறதா? ஒரு பக்கம் செய்யும்போது மறுபக்கக் கதவு மூடியிருக்க வேண்டும், அந்தப் பக்கத் தண்டையும் யாரையாவது அழுத்திப் பிடிக்கச் சொல்லுங்கள். கழற்றிய பழைய சுவிட்ச் இருக்கிறதா, தூக்கிப் போட்டுவிட்டீர்களா?

ஆத்தங்குடி லோடு:
அண்ணே, நன்றி. பழைய சுவிட்ச் டூல்ஸ் பெட்டியிலேயே கிடக்கிறது. நகர்த்தியை அணைக்கும் பக்கம் தள்ளிவிட்டேன், அப்படி ஒன்று இருப்பதையே நான் கவனித்ததில்லை.

என் பையனை இடது பக்கம் நிறுத்திச் செய்து பார்த்தோம். இரண்டு தண்டையும் கையால் அழுத்தினால் அணைகிறது. டிரைவர் பக்கம் கையை எடுத்துக் கதவை மூடினால் எரிகிறது. கதவை வெளியில் இருந்து தோளால் அழுத்தினால் அணைகிறது. தோளை எடுத்தால் திரும்ப எரிகிறது.

தேவகோட்டை ஒயரிங்:
அப்படியானால் சுவிட்ச் மேல் குற்றமில்லை. நீங்கள் காசு கொடுத்து மாற்றியது வீண் வேலை. மல்டிமீட்டர் இருந்தால் பழைய சுவிட்சையும் பார்த்துவிடுங்கள்: பீப் சத்தம் வரும் நிலையில் வைத்து ஒரு முனையை டெர்மினலிலும் இன்னொன்றை ஸ்க்ரூ போகிற தகட்டிலும் வையுங்கள். தண்டு வெளியே இருக்கும்போது பீப் வர வேண்டும், அழுத்தினால் நிற்க வேண்டும். பத்துத் தடவை அழுத்தி விட்டுப் பாருங்கள். ஒழுங்காக இருந்தால் பழையதையே மாட்டுங்கள். கடையில் எல்லா வண்டிக்கும் பொதுவாக விற்கிற சுவிட்சில் தண்டு 2, 3 மில்லிமீட்டர் குட்டையாகவோ நெட்டையாகவோ இருக்கும்.

கழற்றும்போது ஒன்று கவனம். ஸ்க்ரூவை எடுத்து சுவிட்சை இழுத்ததும் ஒயரில் ஒரு நூலைக் கட்டிக்கொள்ளுங்கள். கை தவறினால் ஒயர் தூணுக்குள் போய் விழுந்துவிடும், அப்புறம் அதை மீன் பிடிக்கிற மாதிரி பிடிக்க வேண்டும்.

இரண்டு சுவிட்சும் கழற்றிய நிலையில், ஒயர் எதையும் தொடாமல் இருக்கும்போது விளக்கு எரிகிறதா என்றும் பார்த்துச் சொல்லுங்கள். எரிந்தால் ஒயரில் கோளாறு.

கண்டனூர் – ஹூஸ்டன்:
சொந்த ஊர் கண்டனூர், இப்போது அமெரிக்காவில் இருக்கிறேன். என்னிடமும் ஒரு பழைய பிக்கப் இருக்கிறது, 2004 மாடல். எனக்கும் போன வருடம் இதே விளக்குத்தான், ஆனால் இங்கே தூணில் தண்டு சுவிட்சே கிடையாது. கதவுக்குள் இருக்கிற லாக்கிலேயே குட்டியாக ஒரு சுவிட்ச் வைத்திருக்கிறார்கள். இதைப் படிக்கிற யாருக்காவது இந்த மாதிரி லாக் உள்ள வண்டி இருந்தால் உதவும் என்று எழுதுகிறேன்.

அந்த வகையில் பெரும்பாலும் லாக்குக்குள் பழைய கிரீஸும் தூசியும் கெட்டியாகி சுவிட்சை நகர விடாமல் வைத்திருக்கும். கான்டாக்ட் கிளீனர் ஸ்ப்ரேயை லாக் வாய்க்குள் நன்றாக அடித்து, லாக்கை இருபது முப்பது தடவை போட்டு எடுத்தால் பல வண்டியில் சரியாகிவிடும். கதவைத் திறந்து வைத்து ஸ்க்ரூ டிரைவரால் லாக்கின் நாக்கைத் தள்ளினால் கதவு மூடியதாக வண்டி நினைத்துக்கொள்ளும், விளக்கு அணைகிறதா என்று அப்போது பார்க்கலாம். ஆனால் பார்த்து முடித்ததும் கைப்பிடியை இழுத்து நாக்கைத் திரும்ப விடுவித்த பிறகுதான் கதவைச் சாத்த வேண்டும். நான் மறந்துபோய்ச் சாத்தினேன், லாக் நேராக, அது மாட்டிக்கொள்ளும் தூண் கம்பியில் மோதிப் பெயின்ட் எல்லாம் போனது. லாக் வளையாமல் தப்பியது அதிர்ஷ்டம்.

சுத்தம் செய்த பிறகு வெள்ளை லித்தியம் கிரீஸ் கொஞ்சம். டபிள்யூடி-40 துரு இளக்கவும் ஈரத்தை விரட்டவும் நல்லது, ஆனால் அது மட்டும் போட்டால் கொஞ்ச நாளில் காய்ந்துவிடும்.

பள்ளத்தூர் டிங்கர்:
ஹூஸ்டன்காரர் சொன்னது சரி. இங்கே பலர் லாக்கில் தேங்காய் எண்ணெய் விடுகிறார்கள், தயவுசெய்து விட வேண்டாம். நம் ஊர்ச் செம்மண் தூசி அதில் ஒட்டி ஒரு வாரத்தில் களிம்பாகிவிடும். மண்ணெண்ணெயும் வேண்டாம், ரப்பர் உப்பிப்போகும்.

புதுவயல் மில் வண்டி:
கதவு தண்டை எட்டவில்லை என்பதுதானே விஷயம்? ரொம்பச் சுலபம். தண்டு வந்து முட்டுகிற இடத்தில் கதவின் மேல் சைக்கிள் டியூப் துண்டு ஒன்றை ஃபெவிகால் வகைப் பசை போட்டு ஒட்டு, இரண்டு மடிப்பாக. 5 ரூபாயில் முடிந்தது. எங்கள் மில்லில் எல்லா வண்டிக்கும் அப்படித்தான்.

பள்ளத்தூர் டிங்கர்:
மில் வண்டி அண்ணே, கோபித்துக்கொள்ளாதீர்கள், இதை நான் கண்டிப்பாகச் சொல்லியாக வேண்டும். அது மருந்து இல்லை.

கதவு லாக்குக்கு இரண்டு பிடி உண்டு. முதல் பிடியில் கதவு லேசாக விலகி நிற்கும், ஆனால் திறக்காது. இரண்டாவது பிடியில்தான் முழுக்க மூடும். காது கொடுத்துக் கேட்டால் டக், டக் என்று இரண்டு சத்தம் வரும். முதல் பிடி என்பது ஒரு பாதுகாப்புக்கு வைத்தது, அந்த நிலையிலேயே ஓட்டுவதற்கு இல்லை. தண்டு சுவிட்சின் நீளத்தை வைத்திருப்பதே முதல் பிடியில் விளக்கு எரிய வேண்டும், இரண்டாவது பிடியில் அணைய வேண்டும் என்ற கணக்கில்தான். அங்கே டியூப் ஒட்டினால் முதல் பிடியிலேயே விளக்கு அணைந்துவிடும். கதவு பாதி மூடிய வண்டியில், மூடிவிட்டது என்று நம்பி ஆள் சாய்ந்து உட்கார்ந்திருப்பான்.

நம் வீட்டு நிலைக்கதவை நினைத்துப் பாருங்கள். தாழ்ப்பாள் நாதாங்கிக்குள் முழுக்கப் போகாமல் நுனியில் மட்டும் தொட்டுக்கொண்டு நின்றால் அதைப் பூட்டிய கதவு என்று விட்டுவிட்டுப் படுப்போமா? லாக்கும் அதே கதைதான். தை மாதம் வரப்போகிறது, குன்றக்குடி வழியெல்லாம் ராத்திரி பகலாக பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் ஓரத்தில் நடந்துகொண்டிருப்பார்கள். அந்த நேரத்தில் ஒரு வளைவில் இடது கதவு விரிந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். அந்த சுவிட்சை வைத்தது அதற்காகத்தான், விளக்குக்காக மட்டும் இல்லை.

ஆத்தங்குடி தம்பிக்கு ஒரு கேள்வி. தொல்லை மூன்று வாரமாக என்கிறீர்கள். அதற்குக் கொஞ்சம் முன்னால் அந்தக் கதவில் என்ன வேலை செய்தீர்கள்? கண்ணாடி, லாக், கைப்பிடி, பெயின்ட், எதுவானாலும் சொல்லுங்கள்.

ஆத்தங்குடி லோடு:
அண்ணே, நீங்கள் கேட்ட பிறகுதான் உறைக்கிறது. ஐப்பசி மழையில் டிரைவர் பக்கம் தண்ணீர் உள்ளே வந்து சீட்டெல்லாம் நனைந்தது. அதற்காக அந்தப் பக்கம் மட்டும் கதவு பீடிங், அதாவது கதவைச் சுற்றி வரும் ரப்பர் பட்டை, மாற்றினேன். கடையில் மீட்டர் கணக்கில் வெட்டிக் கொடுத்தார்கள். கொஞ்சம் தடிமனாக இருந்தது, தண்ணீர் வராது என்று நானும் வாங்கிவிட்டேன். அதில் இருந்து கதவை ஓங்கி அறைந்தால்தான் மூடுகிறது.

பழைய சுவிட்ச் மீட்டரில் ஒழுங்காகப் பேசுகிறது. தண்டு புதியதைவிட 3 மில்லி நீளமாகவே இருக்கிறது. இரண்டு சுவிட்சும் கழற்றி, ஒயரைத் தனியாக நூலில் தொங்கவிட்டுப் பார்த்தேன், விளக்கு அணைந்துவிட்டது.

பள்ளத்தூர் டிங்கர்:
கண்டுபிடித்தாயிற்று. பீடிங்தான் கதவை வெளியே தள்ளிக்கொண்டு நிற்கிறது. உங்கள் கதவு இரண்டாவது பிடிக்குப் போகிறதா என்பதே எனக்குச் சந்தேகம். விளக்கு மூன்று வாரமாக உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது.

உறுதி செய்துகொள்ள ஒரு வேலை. வெற்றிலைக்குப் போடுகிற சுண்ணாம்பைத் தண்டின் நுனியில் மிளகளவு தடவுங்கள். கதவை எப்போதும் போல மூடித் திறங்கள். கதவில் சுண்ணாம்பு முழு வட்டமாக அச்சு விழுந்திருந்தால் நன்றாக அழுத்துகிறது. புள்ளியாகவோ ஓரத்தில் கீற்றாகவோ இருந்தால் அழுத்தவில்லை. பிறகு செய்தித்தாளைப் பட்டையாகக் கிழித்துக் கதவுக்கும் பீடிங்குக்கும் நடுவில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். சுற்றிலும் ஒரே இறுக்கமாக வர வேண்டும். ஒரு இடத்தில் கிழியும் அளவுக்குப் பிடித்து, இன்னொரு இடத்தில் வழுக்கிக்கொண்டு வந்தால் பீடிங் பொருந்தவில்லை.

கதவைத் திறந்து வைத்து ஓரத்தைப் பிடித்து மேலே தூக்கியும் பாருங்கள். ஆட்டம் இருந்தால் கீல் பின் தேய்ந்து கதவு தொங்கிவிட்டது என்று பொருள். லோடு வண்டியில் ஆட்கள் கதவைப் பிடித்துத்தான் ஏறுவார்கள், அதனால் இது சகஜம்.

தூண் கம்பியை உடனே நகர்த்திவிடாதீர்கள். நகர்த்தித்தான் ஆக வேண்டும் என்றால் முதலில் பென்சிலால் சுற்றிக் கோடு போட்டுவிட்டு நகர்த்துங்கள், இல்லாவிட்டால் பழைய இடம் எது என்றே தெரியாமல் போகும்.

ஆத்தங்குடி லோடு:
சுண்ணாம்பு வைத்தேன். டிரைவர் பக்கம் மிளகில் பாதி அளவு ஒரு புள்ளி, இடது பக்கம் அழகாக முழு வட்டம். கதவைத் தூக்கினால் ஆட்டம் பெரிதாக இல்லை. பேப்பர் கீல் பக்கம் கிழிந்தே போனது.

நேற்று காரைக்குடியில் தேடி, என் வண்டி மாடலுக்கே வார்த்த பீடிங் வாங்கி மாட்டினேன். பழைய சுவிட்சையே திரும்பப் போட்டேன். கதவு இப்போது ஒரு விரலால் தள்ளினாலே டக் டக் என்று மூடுகிறது. சுண்ணாம்பு வட்டமாக விழுகிறது. விளக்கு அணைகிறது. அண்ணன்மார் எல்லோருக்கும் நன்றி.

பலகாரம் வண்டி:
நானும் ஒன்று கேட்கலாமா? நாங்கள் வீட்டில் தேன்குழல், சீப்புச்சீடை, அதிரசம் போட்டு ஒரு சின்ன பிக்கப்பில் கடைகளுக்குக் கொடுக்கிறோம், வண்டியை நான்தான் ஓட்டுகிறேன். எனக்கு நேர்மாறு. டிரைவர் கதவைத் திறந்தால் விளக்கு மங்கலாக எரிகிறது, சில நாள் எரிவதே இல்லை. இடது கதவைத் திறந்தால் பளிச்சென்று எரிகிறது. விடிகாலை 4 மணிக்குப் பில் புத்தகம் தேடுவதற்குள் போதும் போதும் என்றாகிறது.

கோட்டையூர் ஓய்வு:
அம்மா, இடது பக்கம் பளிச்சென்று எரிகிறது என்றதிலேயே பல்பும் ஃபியூஸும் பிளஸ் ஒயரும் நன்றாக இருப்பது தெரிகிறது. உங்கள் பக்கம் சுவிட்சுக்கு எர்த் சரியாகக் கிடைக்கவில்லை. ஸ்க்ரூவுக்கு அடியில் துரு பிடித்திருக்கும்.

நான் துருவோடு வாழ்ந்தவன், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். நம் காரைக்குடி சிக்ரிக்கு, அதாவது மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்துக்கு, அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார், 1948-ல் நேரு அடிக்கல் நாட்டினார், 1953-ல் திறந்தார்கள். அங்கே பெரிய துறையே உலோக அரிப்புத்தான். மண்டபம் கடற்கரையில் தகடுகளை உப்புக் காற்றில் விட்டு வைத்து எவ்வளவு அரிக்கிறது என்று அளப்பார்கள். அத்தனை ஆராய்ச்சியும் உங்கள் ஸ்க்ரூவுக்குப் பொருந்தும். இரும்புப் பாடி, பித்தளை அல்லது முலாம் பூசிய தகடு, நடுவில் ஈரம். இரண்டு வேறு உலோகம் ஈரத்தில் சேர்ந்தால் ஒன்று மற்றொன்றுக்காகக் கரையும். வண்டி கழுவிய தண்ணீரைச் செம்மண் தூசி பிடித்து வைத்துக்கொள்கிறது, வெயிலில் வெளியே காய்ந்தாலும் ஸ்க்ரூவுக்கு அடியில் காயாது. துரு மின்சாரத்தைச் சரியாக விடாது.

மீட்டர் இருந்தால் டிசி வோல்ட்டில் வைத்து, கறுப்பு முனையைப் பேட்டரி மைனஸில், சிவப்பு முனையை சுவிட்சின் உலோகத் தகட்டில், கதவு திறந்து விளக்கு எரியும்போது வையுங்கள். 0.1 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். ஒரு வோல்ட், இரண்டு வோல்ட் காட்டினால் அவ்வளவும் துருவிலேயே தங்கிவிடுகிறது, பல்புக்கு மிச்சம்தான் போகிறது.

ஸ்க்ரூவைக் கழற்றுங்கள், தகட்டின் பின்பக்கத்தையும் பாடியில் அது உட்காரும் இடத்தையும் உப்புத்தாளால் உலோகம் மின்னும் வரை தேயுங்கள், ஸ்க்ரூ புதிதாகப் போடுங்கள், இறுக்குங்கள். இறுக்கிய பிறகு மேலே வாஸ்லின் மெலிதாகத் தடவுங்கள், ஈரம் போகாது. முதலில் தடவிவிட்டு இறுக்குவதைவிட இது நல்லது.

பலகாரம் வண்டி:
ஐயா, என் தம்பி மீட்டர் வைத்துப் பார்த்தான், 3.1 வோல்ட் காட்டியது. ஸ்க்ரூ கழற்றும்போதே பொடியாக உதிர்ந்தது. தேய்த்து மாட்டினோம், இப்போது 0.05. இடது பக்கத்தைவிட இந்தப் பக்கம் வெளிச்சம். காரைக்குடி வந்தால் சொல்லுங்கள், ஒரு டப்பா சீப்புச்சீடை உங்களுக்கு உண்டு.

ஆத்தங்குடி லோடு:
திரும்பவும் வந்துவிட்டேன். ஆறு நாள் ஒழுங்காக இருந்தது. நேற்று புதுவயல் பக்கம் ஒரு டன் கல்லோடு போனபோது ஸ்பீடு பிரேக்கர் ஏறி இறங்கியதும் டேஷ் விளக்கு எரிந்தது. வண்டியை ஓரம் கட்டி இரண்டு கதவையும் பார்த்தேன், இரண்டும் இரண்டாவது பிடியில்தான். கல்லை இறக்கிவிட்டு வெறும் வண்டியாகத் திரும்பும்போது ஒரு தடவைகூட எரியவில்லை. மனது சங்கடமாக இருக்கிறது. எங்கே தேடுவது?

தேவகோட்டை ஒயரிங்:
இதில் என் தவறும் இருக்கிறது. நின்றுகொண்டிருந்த வெறும் வண்டியில் ஒயரைச் சோதிக்கச் சொல்லி, அணைந்ததும் ஒயர் நல்லது என்று முடிவு கட்டிவிட்டேன். உங்கள் முதல் பதிவிலேயே பள்ளத்தில் இறங்கினால் எரிகிறது என்று எழுதியிருக்கிறீர்கள், அதை நான் பிடித்திருக்க வேண்டும். லோடு ஏறினால் பாடி முறுக்கும், ஒயர்க் கட்டு ஒரு நூல் நகரும், அப்போது எங்கேயோ தொடுகிறது.

இரண்டு சுவிட்சையும் கழற்றி, ஒயர் முனைகளுக்கு டேப் சுற்றி விடுங்கள். லோடோடு அதே ரோட்டில் யாராவது ஓட்ட, நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். எரிந்தால் நூறு சதவீதம் ஒயர்தான். பிறகு வண்டியை நிறுத்தி, டேஷ்போர்டுக்குக் கீழே இரண்டு பக்கமும் கால் வைக்கிற இடத்துப் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றி ஒயர்க் கட்டைக் கையால் கொஞ்சம் கொஞ்சமாக ஆட்டிக்கொண்டே வாருங்கள். விளக்கு மின்னுகிற இடத்தில் நிறுத்துங்கள். பாட்டுப் பெட்டி, ஸ்பீக்கர், ரிவர்ஸ் ஹாரன் என்று பிற்பாடு மாட்டியது ஏதாவது இருக்கிறதா? அங்கே முதலில் பாருங்கள்.

ஆத்தங்குடி லோடு:
ஸ்பீக்கர். வண்டியை வாங்கும்போதே இடது பக்கம் கால் வைக்கிற இடத்தில் மாட்டியிருந்தது. அதைப் பிடித்திருந்த நான்கு ஸ்க்ரூவில் ஒன்று தேவைக்கு மேல் நீளம், தகட்டைத் துளைத்துக்கொண்டு ஒயர்க் கட்டின் நடுவில் போய் நிற்கிறது. ஒரு ஒயரின் தோல் அரை இஞ்சுக்குச் சீவினாற்போல் போயிருந்தது, செம்பு தெரிந்தது. ஸ்க்ரூவுக்கும் அந்த ஒயருக்கும் நடுவில் ஒரு நூல்தான் இடைவெளி. விரலால் தள்ளினால் கேபின் லைட் எரிகிறது, விட்டால் அணைகிறது. அதைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது, அத்தனை நாள் அலைச்சல்.

தேவகோட்டை ஒயரிங்:
அருமை. இப்போது டேப் மட்டும் சுற்றி விட்டுவிடாதீர்கள், நம் ஊர் வெயிலில் டேப் பசை உருகி ஒரே கோடையில் அவிழ்ந்துவிடும். பேட்டரி மைனஸைக் கழற்றுங்கள். ஒயரில் இழை அறுந்திருந்தால் அந்தத் துண்டை வெட்டி எடுத்து அதே தடிமன் ஒயர் சேர்த்து ஈயம் வையுங்கள், மேலே சூடு காட்டினால் சுருங்கும் ஸ்லீவ் போடுங்கள். ஸ்லீவை ஒயர் சேர்ப்பதற்கு முன்னாலேயே நுழைத்துவிட வேண்டும். கட்டு முழுக்கவும் பிளந்த பிளாஸ்டிக் குழாய் போட்டு, ஸ்பீக்கரை விட்டு இரண்டு விரல் தள்ளிக் கட்டுங்கள். ஸ்க்ரூவைக் குட்டையாக மாற்றுங்கள்.

முடித்த பிறகு இரவில் எவ்வளவு கரண்ட் போகிறது என்று அளந்துவிடுங்கள். மைனஸ் கேபிளைக் கழற்றி, கேபிளுக்கும் பேட்டரிக்கும் நடுவில் மீட்டர், சிவப்பு ஒயர் 10 ஆம்பியர் துளையில். மீட்டர் நடுவில் இருக்கும்போது யாரும் சாவியைத் திருப்பக் கூடாது, செல்ஃப் இழுக்கிற கரண்டில் மீட்டர் ஃபியூஸ் போய்விடும். 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் நிம்மதி.

உங்கள் கேபின் பல்பு 10 வாட் என்றால் அது மட்டுமே 0.8 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். சனி 6 மணியில் இருந்து திங்கள் 4 மணி வரை 34 மணி நேரம், கிட்டத்தட்ட 28 ஆம்பியர் மணி போயிருக்கிறது. பேட்டரி 60, 65 ஆம்பியர் மணிதான் இருக்கும், அதுவும் மூன்று நான்கு வருடம் ஓடியது என்றால் டீசல் இன்ஜினைச் சுற்ற அதனிடம் என்ன மிச்சம் இருக்கும்? பேட்டரியைக் குறை சொல்ல முடியாது. ஒரு ராத்திரி நிறுத்தி வைத்துவிட்டு காலையில் வோல்ட் பாருங்கள். 12.6 என்றால் நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் பாதி.

ஆத்தங்குடி லோடு:
ஈயம் வைத்து, ஸ்லீவ் போட்டு, குழாய் மாட்டியாயிற்று. 22 மில்லி ஆம்பியர்தான் போகிறது, அது பாட்டுப் பெட்டியின் கடிகாரம். சனி ஞாயிறு நிறுத்தி வைத்தேன், திங்கள் காலை 12.5. முதல் சுற்றிலேயே செல்ஃப் எடுத்தது. ஒரு டன் கல்லோடு அதே புதுவயல் ரோட்டில் போய் வந்தேன், ஸ்பீடு பிரேக்கர் எல்லாம் ஏறி இறங்கினேன், விளக்கு எரியவில்லை. நகர்த்தியைத் திரும்ப நடுவில் வைத்துவிட்டேன்.

புதுவயல் மில் வண்டி:
டிங்கர் அண்ணன் எழுதியதைப் படித்ததில் இருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை. எங்கள் வண்டியில் வருகிற பையன் இடது கதவில் சாய்ந்துதான் தூங்குவான். நேற்று டேஷ் மேல் ஒட்டிய டேப்பை எடுத்தேன், பல்பை மாட்டினேன், ஒட்டி வைத்திருந்த டியூப் துண்டையும் பிய்த்து எறிந்தேன். விளக்கு எரிந்தது. காது வைத்துக் கேட்டால் இடது கதவில் ஒரு டக் மட்டும்தான், இரண்டாவது வரவே இல்லை. பிடித்துத் தூக்கினேன், அரை இஞ்சு மேலே வருகிறது. இரண்டு வருடமாக அந்தக் கதவு பாதி பிடியிலேயே ஓடியிருக்கிறது. பையனை நடுவில் உட்கார வைத்துத்தான் இன்றைக்கு வண்டி எடுத்தேன். பள்ளத்தூர் அண்ணே, வியாழக்கிழமை பட்டறை உண்டா?

பள்ளத்தூர் டிங்கர்:
உண்டு அண்ணே. 9 மணிக்குள் வந்துவிடுங்கள், லோடு இல்லாமல் வெறும் வண்டியாக. கீல் பின்னும் புஷ்ஷும் மாற்ற இரண்டு மணி நேரம் ஆகும். அதுவரை இடது கதவில் யாரையும் உட்கார வைக்க வேண்டாம்.